திண்ணை மணலும் பள்ளித் திடலும்

கல்வி என்னும் சொல் கல்லுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். கல்லுதலாவது தோண்டுதல். தோண்டுதல் கையும் தோளும் காலும் சேர்ந்து செய்யும் தொழில். ஆயினும், கல்வி என்றவுடன் இன்று நம் மனக்கண்முன் தோன்றுவது பெஞ்சியில் ஆடாது அசையாது அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனின் உருவமே. அசையாதிருத்தலே கற்றலுக்கு முதற்றகுதி என்னும் இந்த எண்ணம் நம் பள்ளிகளில் எப்போது புகுந்தது? உடலுக்கெனத் தனியே ஒரு பாடவேளை ஏன் வேண்டியதாயிற்று? தமிழ் நிலத்தின் வட எல்லையென நம் இலக்கியங்கள் குறிக்கும் வேங்கடமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இவ்வினாக்களின் விடையில் ஒரு பகுதி நம் சுற்றுப்புறத்திலேயே கிடைக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஊர் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் நலம். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராயிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிரித்துச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் தோன்றும் வரை இப்பகுதிப் பள்ளிகள் யாவும் சென்னை ஆட்சிக்கும் அதன் பாடத்திட்டத்துக்கும் உட்பட்டவையே. ஆகவே சென்னையில் நிகழ்ந்த கல்வி வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று.

திண்ணைப் பள்ளி

1822-இல் சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, நாட்டிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். வட ஆர்க்காட்டுக் கலெக்டரும் தம் அறிக்கையை அனுப்பினார். எல்லாவற்றையும் தொகுத்து 1826-இல் மன்றோ எழுதிய குறிப்பில் மாகாணம் முழுமைக்கும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகக் காண்கிறோம். இவற்றுட் பெரும்பாலானவை நாம் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று வழங்குபவையே.

அவ்வறிக்கைகளுள் மிகவும் சுவையானது, 1823-இல் பல்லாரிக் கலெக்டர் கேம்பெல் என்பவர் எழுதியது. பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் ஆசிரியர் மரியாதைக்குரிய அடையாளமாகச் சரசுவதியின் பெயரை எழுதுவாராம், இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழியம், மூன்றாமவனுக்கு ஓரடி, அடுத்தவனுக்கு ஈரடி, இவ்வாறே அடி ஏறிக்கொண்டு போகும். கடைசியில் வரும் பிள்ளையின் கை என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம். இவ்வேடிக்கையைவிட நமக்கு முதன்மையானது அவர் குறித்த மற்றொரு செய்தி. நம் பிள்ளைகள் நெடுங்கணக்கை ஐரோப்பியப் பிள்ளைகளைப் போல் வாயால் சொல்லித் தொடங்குவதில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதியே தொடங்குகின்றனர் என்று அவர் வியந்து எழுதினார்.

எழுத்து முதலில் விரலுக்குப் பாடமாயிற்று. பின்னரே கண்ணுக்கும் வாய்க்கும் பாடமாயிற்று. ஆசிரியரோ மூத்த மாணவனோ பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து முதலில் இழுத்துக் காட்டுவர். பிறகு அப்பிள்ளை தானே மணலைத் தடவி அழித்துத் தடவி அழித்து எழுதும். எழுதும்போதே ஒலியையும் உரக்கச் சொல்லும். மனப்பாடமும் உடலோடு ஒட்டியதே. முன்னும் பின்னும் அசைந்தாடி இராகமிட்டு ஒப்புவித்த பிள்ளைகளைப் பற்றிப் பழையவர்கள் பலர் எழுதி வைத்திருக்கின்றனர்.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமென்று போற்றிவிட நான் ஒருப்படேன். அங்கே உடல் கற்றலின் கருவியாக இருந்தது போலவே தண்டனையின் களமாகவும் இருந்தது. தோப்புக்கரணமும், உத்தரத்தில் கையைக் கட்டித் தொங்கவிடும் கோதண்டமும் அப்பள்ளியின் அங்கங்களே. பெண்பிள்ளைகளும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற இயலவில்லை. மணலில் எழுதும் உரிமையும் எல்லா விரலுக்கும் கிடைத்ததன்று.

கடல் கடந்த மணல்

இம்மணல் கடல் கடந்த கதை பலரும் அறியாதது. 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரிலிருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியின் கண்காணிப்பாளரானார். ஒருநாள் வழியில் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அதனைப் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் உடன் சேர்த்துக்கொண்டார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பலவற்றிலும் அது பரவிற்று. அதன் பெயரே ‘மதராஸ் முறை’. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச் சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது.

நம் மணல் அங்கே போன அதே நூற்றாண்டில் அங்கிருந்து நமக்குப் பெஞ்சி வந்தது. 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. தேர்வில் தேறிய தலைக்கு இவ்வளவு என்று மானியம் கணக்கிடும் முறையும் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது படிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றையே. எதற்குப் பணம் கிடைக்குமோ அதனைத்தானே வாத்தியார் கற்பிப்பார்? ஓடுதற்கும் ஆடுதற்கும் மானியமில்லை. பிள்ளையின் உடல் பள்ளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து இவ்வாறு நழுவிற்று.

டிரில் மாஸ்டர்

நழுவிய உடலைப் பள்ளிக்குள் மீட்டுவர ஒரு வழி தேடினர். கிடைத்தது படைமுகாமின் வழி. ஐரோப்பாவிலும் அவ்வாறே நடந்தது. நெப்போலியனிடம் தோற்ற ஜெர்மானியரின் மானத்தை மீட்க 1811-இல் பெர்லினுக்கு வெளியே யான் என்பவர் தேகப்பயிற்சித் திடல் அமைத்தார். 1813-இல் சுவீடன் நாட்டு லிங் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிலையம் நிறுவினார். அவர் முறையில் ஒவ்வோர் அசைவும் உடற்கூற்றறிவின்படி வகுக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை ஒட்டி மறு ஆண்டில் வந்த விதிகள், வாரத்திற்கு இரண்டு மணி வீதம் ஆண்டுக்கு இருபது வாரம் வரை டிரில் செய்வதைப் பள்ளி வருகையாகக் கணக்கிட இசைந்தன.

இந்தியாவில் 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் ஆகியவற்றை அந்தந்தப் பள்ளியின் நிலைக்கேற்ப ஊக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நாட்டு விளையாட்டை அக்குழு முதலில் வைத்தது குறிப்பிடத்தக்கது. நடைமுறையில் முந்திக்கொண்டதோ டிரில்தான். அதற்கு ஆள் எளிதில் கிடைத்தனர்: படையிலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார்களும் சிப்பாய்களும். அவர்களே ‘டிரில் மாஸ்டர்’ ஆயினர். மற்ற ஆசிரியரினும் படிப்புக் குறைந்தவர், சம்பளம் குறைந்தவர், ஆனால் குரல் மட்டும் பெரிதாக உடையவர் என்றோர் உருவம் அன்று அமைந்தது; இன்றளவும் அது முற்றும் கலையவில்லை.

ஈண்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இப்பகுதியில் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் மிகுதி. அவர்கள் திடலில் கேட்ட கட்டளைகளோ ‘அட்டென்ஷன்’, ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’ என்னும் ஆங்கிலம். வயிறு உள்ளே போக வேண்டும், மார்பு வெளியே வரவேண்டும் என்பதற்கு மேல் அச்சொற்களுக்குப் பொருள் என்னவென்று எங்களுள் ஒருவனும் அறிந்தானில்லை. ‘ஸ்டாண்டடீஸ்’ என்பது ஏதோ ஒரு கடவுளின் பெயரென்று என் வகுப்புத் தோழன் ஒருவன் நெடுநாள் நம்பியிருந்தான்.

பக் துரை

இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவர் பயின்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த மாணவரின் அமைதியின்மையைத் தணிக்கக் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தது அக்கல்லூரியிலேயே. அங்குப் பயின்ற வில்லியம் மார்கன் 1895-இல் கைப்பந்தாட்டத்தை அமைத்தார். வெற்றுக் கட்டளைக்கு உடலை அசைப்பதினும், ஒரு நோக்கத்தோடு ஆடும் ஆட்டமே மனிதனை வளர்க்கும் என்பது அக்கல்லூரியின் கொள்கை.

பக் 1919-இல் சென்னைக்கு வந்தார். 1920-இல் மிகச் சில மாணவர்களுடன் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில், இன்று நந்தனம் என வழங்கும் பகுதியில், விரிந்த திடல்களோடு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவிலேயே இத்துறையின் முதற்கல்லூரி அதுவென்பர். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்தியக் குழுவைப் பயிற்றி அழைத்துச் சென்றவரும் அவரே. சென்னை அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் இருந்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் நெடுங்காலம் நடுவர்களின் கைந்நூலாக விளங்கியது. 1943-இல் மறையும் வரை இந்நாட்டிலேயே பணிபுரிந்தார்.

பந்தயங்களினும் மேலான அவர் தொண்டு ஒன்றுண்டு. டிரில் மாஸ்டர் என்னும் ஏவலாளை அவர் ஆசிரியராக்கினார். உடற்கூறு, உடலியல், உளவியல், கற்பிக்கும் முறை ஆகியவற்றைப் பயின்று தேறிய ஒருவரே திடலில் நிற்க வேண்டும் என்னும் நிலையை உண்டாக்கினார். பயிற்சி உடலுக்காக மட்டுமன்று, உடலின் வாயிலாக மனிதன் முழுமைக்கும் என்னும் கருத்து அந்நாளில் அமெரிக்கக் கல்வியாளரிடையே உருப்பெற்று வந்தது. 1930-இல் ஜெசி பீரிங் வில்லியம்ஸ் அதனைத் தெளிவுற எழுதினார். பக்கின் கல்லூரி அதே காற்றைத் தென்னாட்டுக்குக் கொணர்ந்தது எனின் மிகையன்று.

திருப்பதியின் லூத்தரன் மிஷன் பள்ளியில் 1896 முதல் 1900 வரை பயின்ற ஒரு சிறுவர் பிற்காலத்தில் பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவரானார். அவர்தாம் டாக்டர் இராதாகிருஷ்ணன். 1949-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, தேசிய மாணவர் படையில் சேர்ந்தோரும் உடல்நலம் இடந்தராதோரும் நீங்கலாக, ஏனைய மாணவ மாணவியர் அனைவர்க்கும் உடற்கல்வியை இரண்டாண்டுக் காலமேனும் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. தத்துவப் பேராசிரியரின் தலைமையில் அமைந்த குழு உடலை மறக்கவில்லை என்பது மகிழத்தக்கதே.

ஆயினும் பரிந்துரை வேறு, பாடவேளை வேறு. நான் படித்த பள்ளியில் பி.டி. வேளை வாரத்திற்கு இருமுறை அட்டவணையில் இருந்தது. பத்தாம் வகுப்பில் அவ்விரண்டையும் கணக்காசிரியர் கடன் வாங்கினார், கடன் திரும்பவேயில்லை. பி.டி. ஆசிரியர் வராந்தாவில் நாற்காலியிட்டு அமர்ந்து, பந்துகள் பூட்டிய அறையின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பார். அவர் முறைப்படி பயிற்சி பெற்றவர், நன்றாகக் கைப்பந்தாடுபவர். அக்கொடுமையின் முழு அளவு அன்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்டம் பறிபோயிற்றென்று வருந்தினோமேயன்றி, அவர் பாடம் பறிபோயிற்றென்று எண்ணினோமில்லை.

இருமொழி ஆட்டங்கள்

பள்ளி கற்பிக்காவிடினும் தெரு கற்பித்தது. நாம் சடுகுடு என்பதைத் தெலுங்கர் செடுகுடு என்பர். நம் பல்லாங்குழி அவர்க்கு வாமன குண்டலு. நம் பாண்டியாட்டம் அவர்க்குத் தொக்குடு பில்ல. நம் கோலாட்டம் அவர்க்கும் கோலாட்டமே. பெயர் மாறினும் கட்டமும் குழியும் மாறுவதில்லை. தமிழ்ச் சிறுமியும் தெலுங்குச் சிறுமியும் மொழிபெயர்ப்பாளரின்றி ஒரே கட்டத்தில் நொண்டியடிப்பர்.

இவை வெறும் பொழுதுபோக்கல்ல. பல்லாங்குழியில் கை காய்களை இடும்போதே மனம் எந்தக் குழியில் முடியுமென்று முன்கூட்டி எண்ணுகிறது. கோலாட்டத்தில் எதிர்நிற்பவர் மாறிக்கொண்டேயிருக்க, தாளக்கணக்குத் தவறாது நிற்க வேண்டும். பாண்டியில் ஒற்றைக்காலில் நின்று குனிந்து சில்லை எடுப்பது உடலின் சமநிலைக்கு எந்த ஜிம்னாஸ்டிக்ஸினும் குறைந்த பயிற்சியன்று. சடுகுடுவில் மூச்சே கடிகாரம். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது, விதர்ப்பாவிலுள்ள அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் நம் நாட்டு ஆட்டங்களை அங்கே ஆடிக்காட்டினர். அவற்றுள் இச்சடுகுடுவும் கபடி என்னும் பெயரில் இடம்பெற்றது.

2024 மே 13-ஆம் நாள் நடந்த தேர்தலில் நுண்பார்வையாளனாகச் சித்தூருக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். கோடை விடுமுறை. வகுப்பறையில் வாக்குச்சாவடி, பெஞ்சிகள் ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. வராந்தாவில் யாரோ வெள்ளை வண்ணத்தால் அழியாதபடி பாண்டிக்கட்டம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தெலுங்கு எழுத்தொன்றை எழுதியிருந்தனர். வாக்களிக்க வரிசையில் நின்ற தாயின் கையை விட்டுவிட்டு ஒரு சிறுமி அதன்மேல் குதித்துக் குதித்து எழுத்துகளை உரக்கச் சொன்னாள். அவளுக்கு வயது ஐந்திருக்கலாம். காவலர் அவளை அதட்டவில்லை. அவள் தாய் வாக்களித்துத் திரும்பி வருவதற்குள் நான்கு சுற்று முடித்திருந்தாள்.

மதனப்பள்ளியும் அடையாறும்

இனி மதனப்பள்ளி. 2022-இல் நடந்த மாவட்ட மறுசீரமைப்பு வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அன்னி பெசன்ட் அம்மையார் 1915-இல் அங்கு நிறுவிய தியசாபிகல் கல்லூரிக்கு 1919 பிப்ரவரியில் இரவீந்திரநாத் தாகூர் வந்து தங்கி, ஜனகணமன பாடலை ஆங்கிலத்தில் ஆக்கியதும், மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதற்கு இசைக்குறிப்பு எழுதியதும் யாவரும் அறிந்தவை. பலர் கருதாத ஒன்று, பெசன்டும் தாகூரும் உடலைக் கல்வியின் பகுதியாகவே கண்டனர் என்பது. இந்தியச் சிறுவரைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்க ஆங்கிலேயர் தயங்கிய நாளில் பெசன்ட் தனியே ஓர் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். தாகூர் 1929-இல் ஜப்பானிலிருந்து டகாகாகி என்னும் ஜூடோ ஆசிரியரையே சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார்.

அதே தியசாபிகல் சங்கத்தின் அழைப்பின்பேரில் 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு அவருடைய மகன் மரியோவைச் சிறையிட்டது. அம்மையார் ஊர் விட்டு ஊர் செல்லத் தடை விதித்தது. அவருடைய 70-ஆம் பிறந்தநாளான 1940 ஆகஸ்டு 31-ஐ ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். போர் முடியும் வரை அவர் இந்நாட்டிலேயே தங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். குழந்தையின் கை செய்யாததை அதன் அறிவு பற்றாது என்பது அவர் துணிபு. அவர் பள்ளியில் எழுத்து கற்கத் தொடங்கும் குழந்தை, அட்டையில் ஒட்டிய உப்புத்தாள் எழுத்தின்மேல் விரலை ஓட்டி, அதன் ஒலியைச் சொல்லும்.

விரல், சொரசொரப்பு, ஒலி: நம் திண்ணையில் மணல் செய்ததும் இதுவேயன்றோ! மாண்டிசோரி அதனை நம்மிடமிருந்து பெற்றாரென நான் சொல்லவில்லை. இத்தாலியிலேயே அவர் அதனை அமைத்துவிட்டார். இரு வேறு வழிகளில் வந்தோர் ஓரிடத்தில் சந்தித்தனர் என்பதே வியப்பு. 2012-இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளின் மூளையை ஆராய்ந்தார். விசைப்பலகையில் தட்டிய எழுத்தையும் கோட்டின்மேல் இழைத்த எழுத்தையும் காணும்போது ஏற்படாத விழிப்பு, தன் கையால் தானே எழுதிப் பழகிய எழுத்தைக் காணும்போது, படிப்புக்குரிய மூளைப் பகுதிகளில் ஏற்பட்டதாம். கை பிடித்து எழுதுவித்தலோடு நில்லாது, தடவி அழித்துத் தானே எழுத விட்ட நம் பழைய வாத்தியார் அறிந்தோ அறியாமலோ சரியானதையே செய்தார்.

1895-இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் எழுந்தது ரிஷிவேலிப் பள்ளி. அங்கு மாலைதோறும் மாணவர் யாவரும் குன்றேறி அமைதியாக அமர்ந்து ஞாயிறு மறைவதைக் காண்பர். அதற்கு ‘அஸ்தாசல்’ என்று பெயர். அசையாதிருத்தலும் அங்கே ஒரு பயிற்சியாயிற்று. ஆனால் அது ஓடியாடிய பின் தானே வரும் அமைதி. பெஞ்சியின் அமைதி வேறு.

அப்பள்ளியின் ஊரகக் கல்வி மையம், சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக 1980-களில் ஒரு புதுமுறையை வகுத்தது. பல வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓராசிரியரே உள்ள பள்ளிகள் அவை. பாடநூலைப் பிரித்து அட்டைகளாக்கினர். அவ்வட்டைகளை ஏணிப்படிகளாக வரிசைப்படுத்தினர். பிள்ளை எழுந்து சென்று தனக்குரிய அட்டையைத் தானே எடுக்கும். அவ்வட்டை குறிக்கும் குழுவில் போய்த் தரையில் அமரும். முடித்தபின் எழுந்து அடுத்த படிக்குச் செல்லும். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை எத்தனை முறை எழுந்து நடக்கிறதென்று எண்ணினால் நம் பெஞ்சிப் பள்ளிகள் நாணும்.

ரிஷிவேலி முறையைக் கண்டு வந்த சென்னை மாநகராட்சி 2003-இல் தன் பள்ளிகள் சிலவற்றில் அதனைப் புகுத்திற்று. அப்போது மாநகராட்சி ஆணையராயிருந்த விஜயகுமார் அதற்குப் பெரிதும் முன்னின்றார். 2007-08-இல் தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் அது ‘செயல்வழிக் கற்றல்’ என்னும் பெயரில் நடைமுறைக்கு வந்தது. குறைகளும் கூறப்பட்டன: அட்டைகளைப் பேணுதல் கடினம், ஆசிரியர் போதவில்லை, பெற்றோர்க்குத் தம் பிள்ளை எவ்வகுப்பில் படிக்கிறதென்றே விளங்கவில்லை. மாறுதல்கள் செய்யப்பட்டன, 2022 சூன் திங்களில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது.

செயல்வழிக் கற்றல் வந்த நாளில், சுவரின் நடுவே உயரத்திலிருந்த ஆசிரியரின் கரும்பலகை போதாதென்று, நாற்புறச் சுவரிலும் தரையை ஒட்டிப் பிள்ளைக்கொரு கட்டமாகப் பலகை தீட்டினார்கள். தரையில் அமர்ந்த குழந்தையின் தோளுக்கு நேராக அக்கட்டம் இருந்தது. எழுதுவதும் அவளே, அழிப்பதும் அவளே. அழிப்பதற்குத் துணியிருந்தும் பெரும்பாலோர் உள்ளங்கையாலேயே அழித்தனர்.